பதினோரு கட்டங்கள்

சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் பதினோரு கட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் அறை எண், ஒரு பெயர், துள்ளித் துள்ளிப் போகும் பச்சைக் கோடு ஒன்று. மதியம் இரண்டு இருபத்தைந்துக்கு அந்தப் பதினோரு கோடுகளும் ஒன்றாக நின்றன. கோடுகள் இருந்த இடத்தில் தொடர்பு இல்லை என்ற ஆங்கில எழுத்துகள் சாம்பல் நிறத்தில் வந்து உட்கார்ந்தன.

நர்ஸுகளின் மேஜைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில், லேப்டாப்பை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுஷாவுக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. சிஸ்டர் ஷைனி கையிலிருந்த மருந்துத் தட்டை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அய்யோ, எல்லாம் போயல்லோ!" என்றாள். அடுத்த கணம் இருந்த மூன்று நர்ஸுகளும் மூன்று பக்கமாக ஓடினார்கள். ஆஸ்பத்திரிக்குள் யாரும் அப்படிச் செருப்பு அடித்துக்கொண்டு ஓடி அவள் பார்த்ததில்லை. அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. லேப்டாப்பின் மூலையில் ஓடிய மணியைப் பார்த்தாள். நொடிகள் ஒவ்வொன்றாக மாறின. ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது. அறுபத்து நான்காவது நொடியில் ஒரு கட்டத்தில் பச்சைக் கோடு எழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாமே எழுந்து எதுவும் நடக்காததுபோலத் துள்ளத் தொடங்கின.

ஷைனி திரும்பி வந்து, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பாறசாலைக்காரி. தமிழும் மலையாளமும் அவளுக்கு ஒரே நாக்கில் வரும்.

"முன்னெயும் போகும். ஓரோண்ணாயிட்டு போகும், வரும். எல்லாம் ஒண்ணா போறது இதாக்கும் முதல் தடவை. நீ எதாவது செய்தியா மோளே?"

"பாக்கேன் சிஸ்டரே" என்றாள் அனுஷா.

செய்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிறகு அன்று முழுவதும் அவளை அரித்தது அந்த ஒரு வார்த்தைதான்.

விழிஞ்ஞம் போகும் வழியில் கடலைப் பார்த்து நிற்கும் ஆஸ்பத்திரி அது. மூன்றாம் மாடியில் இதய நோயாளிகளுக்கான வார்டு. ஐ.சி.யு.வில் ஆபத்துக் கட்டம் தாண்டியவர்களை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் நாலைந்து நாள் இங்கே வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கட்டிலருகிலும் ஒரு மானிட்டர் நிற்கும். நோயாளியின் துடிப்பை அது வைஃபை வழியாகச் சுவர்த்திரைக்கு அனுப்பும். துடிப்பில் கோளாறு வந்தால் அறைக்குள் மானிட்டர் கத்தும், வெளியே திரையும் கத்தும். ஏ.சி.க்காக அறைக் கதவுகள் எப்போதும் சாத்தியிருப்பதால், நர்ஸுகளின் காதில் விழுவது திரையின் சத்தம்தான். வராந்தாவின் கோடியில் இருக்கும் மூன்று அறைகளில் மட்டும் தொடர்பு அடிக்கடி அறுந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்யத்தான் அனுஷாவின் கம்பெனி அவளை அனுப்பியிருந்தது.

காலை முழுக்க அவள் ஃபோனைக் கையில் ஏந்திக்கொண்டு வராந்தாவில் முன்னும் பின்னும் நடந்து சிக்னலை அளந்தாள். கூரையில் நாலு வைஃபை பெட்டிகள். முன்பு வந்தவர் நாலையும் முழு பவரில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கவரேஜ் குறைவு என்றால் பவரைக் கூட்டுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் நாலு பேர் ஒரே வராந்தாவில் நின்று தொண்டை கிழியக் கத்தினால் யார் பேச்சும் யாருக்கும் புரியாது. மானிட்டர்களோ தூரத்துப் பெட்டியின் சத்தத்தையே பிடித்துத் தொங்கிக்கொண்டு, பக்கத்தில் இருப்பதை விட்டுவிடும். அவள் பவரைக் குறைத்தாள். அதோடு, வழக்கமான சானல்களில் நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களின் ஃபோன்களும், எதிர்ப்புற லாட்ஜின் வைஃபையும் நெருக்கியடித்துக்கொண்டிருந்ததால், நாலு பெட்டிகளையும் யாரும் அதிகம் புழங்காத சானல்களுக்கு மாற்றினாள். மாற்றும்போது திரையில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை வந்தது. நாலு வரி. முதல் வரியை மட்டும் படித்துவிட்டுச் சரி என்று அழுத்தினாள். இரண்டு மணிக்குக் கோடி அறைகள் மூன்றும் தெளிவாக வந்தன. ஷைனியே தோளில் தட்டி, "மிடுக்கி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பாராட்டின் குளிர்ச்சி அரை மணிநேரம்கூட நிற்கவில்லை.

அனுஷா லாகைத் திறந்தாள். பெட்டிகள் தாங்கள் செய்ததையெல்லாம் நேரத்தோடு எழுதிவைக்கும் பட்டியல் அது. 2:25-க்கு நேராக ஒரே வரி நாலு தடவை இருந்தது. ராடார் கண்டறியப்பட்டது. சானல் விடப்பட்டது. புதிய சானலில் அறுபது நொடி காத்திருப்பு.

அவள் தலையைத் தூக்கி வராந்தாவின் பெரிய ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தென்னந்தலைகளுக்கு அப்பால் துறைமுகத்தின் உயரமான கிரேன்கள், அவற்றுக்கும் அப்பால் சரக்குப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு மெதுவாக உள்ளே திரும்பும் ஒரு கப்பல். அதன் ராடாரா, மழை பார்க்கும் ராடாரா, விமானத்துக்கானதா என்று அவளுக்குத் தெரியாது. லாகும் அதைச் சொல்லவில்லை. தெரிந்தது ஒன்றுதான். காலியாகக் கிடக்கிறதே என்று அவள் போய் உட்கார்ந்த சானல்கள் ராடார்களோடு பங்கு போட்டுக்கொள்ளும் சானல்கள். ராடாரின் சாயல் பட்டாலே பெட்டி உடனே வாயை மூடிக்கொண்டு வேறு சானலுக்குப் போக வேண்டும். போகும் இடமும் அதே ரகமாக இருந்தால், ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். அந்த மஞ்சள் எச்சரிக்கையின் மீதி மூன்று வரிகளில் இதுதான் எழுதியிருந்தது. பரீட்சைக்குப் படித்த பாடம். வீட்டுக் கூடத்தில் என்றால் ஒரு நிமிஷம் படம் நிற்கும், அவ்வளவுதான். இங்கே பதினோரு இதயங்கள்.

கடல் பக்கம் இன்னும் எத்தனை தடவை ராடார் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? உடனே பழைய சானல்களுக்கு மாற்றிவிடலாம். ஆனால் மாற்றினால் நாலு பெட்டிகளும் மறுபடி ஓர் அரை நிமிஷம் நிற்கும். அந்த அரை நிமிஷத்துக்கு ஒவ்வொரு கட்டிலருகிலும் ஓர் ஆள் நிற்க வேண்டும். ஆள் நிறுத்த வேண்டும் என்றால் ஷைனியிடம் சொல்ல வேண்டும்.

பிள்ளை பெற்று மூன்று வருஷம் வீட்டிலிருந்துவிட்டு, மார்த்தாண்டத்திலிருந்து வந்து, பத்து இடத்தில் இண்டர்வியூ முடித்துக் கிடைத்த வேலை இது. ஏழு மாதம்தான் ஆகிறது. இன்னும் பெர்மனன்ட் இல்லை. மாடிப்படிக்குப் போய் மேனேஜர் மஹேஷுக்கு ஃபோன் செய்தாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மூன்றாவது தடவைதான் எடுத்தார். கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர், எதற்கும் குரலை உயர்த்தாதவர். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"பதறாதேங்கோ அனுஷா. இப்போ எல்லாம் ஆன்லைன்லதானே இருக்கு?"

"இருக்கு சார். ஆனா திரும்பவும் போகும்."

"போகலாம், போகாமயும் இருக்கலாம். யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லிண்டிருக்க வேண்டாம், கேட்டேளா? சொன்னா ரிப்போர்ட் எழுதுவா, அது மேல போகும். சாயங்காலம் நான் இங்கேர்ந்தே ரிமோட்ல மாத்திடறேன். கேட்டா அப்டேட் ஓடித்துன்னு சொல்லுங்கோ."

"சார், பேஷன்ட் இருக்காவ சார்."

"அதனாலதான் சொல்றேன். நீங்க கையை வைக்காதேங்கோ."

ஃபோன் வைக்கப்பட்டது. அவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் என்பது நாலரையா, ஆறா? அவள் கேட்டிருக்கவில்லை. அவருடைய சொல்லில் அவளுக்கு ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. அதுதான் அவளை மேலும் பயமுறுத்தியது. யாரோ பொறுப்பை எடுத்துக்கொண்டுவிட்டார்கள், இனி நாம் சும்மா இருக்கலாம் என்று உடம்பு தானாகத் தளர்ந்ததை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டுக்குத் திரும்பியபோது ஒரு நர்ஸ் சாப்பிடப் போயிருந்தாள். ஷைனி ஃபைலில் எழுதிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். ஷைனி நிமிராமலே, "சாயா குடிச்சியா?" என்று கேட்டாள். "இல்ல சிஸ்டரே" என்றாள் அனுஷா. அதற்குப் பிறகு அந்த வாய் திறக்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்தாள். மணி 2:36. 2:37. ஜன்னல் பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது, தான் பார்த்தால் கப்பல் திரும்பிவிடும் என்பதுபோல.

2:37 முடியும்போது பதினோரு கோடுகளும் நின்றன.

இந்தத் தடவை அவள்தான் முதலில் எழுந்தாள். லேப்டாப் தரையில் விழுந்தது. ஷைனி இந்தப் பக்க அறைகளுக்கு ஓடினாள், இன்னொரு நர்ஸ் நடு அறைகளுக்கு. கோடியில் மூன்று அறைகளுக்கு ஆளில்லை. அனுஷா ஓடினாள். காலையில் அந்த வராந்தாவை இருபது தடவை அளந்து நடந்திருந்தாள். இவ்வளவு நீளம் என்று அப்போது தெரியவில்லை. 314-ல் ஒருவர் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். 315-ல் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். மானிட்டரில் கோடு ஒழுங்காக ஓடியது. 316-ன் கதவைத் தள்ளியதும் சத்தம் முகத்தில் அறைந்தது.

கட்டிலில் வன்னியபெருமாள். தம்பானூரில் ஒரு ஓட்டல் சமையல்கட்டில் முப்பது வருஷமாகச் சரக்கு மாஸ்டர். தென்காசிப் பக்கத்துக்காரர். காலையில் அவள் சிக்னல் பார்க்க வந்தபோது, "நம்ம ஊரு சாம்பாருக்கும் இவனுக சாம்பாருக்கும் காயத்துலதாம்மா வித்தியாசம்" என்று சொல்லிச் சிரித்த மனிதர். இப்போது வாய் ஒருபக்கம் திறந்து, கண் பாதி மூடி, மூஞ்சி சாம்பல் பூத்துக் கிடந்தார். அவர் மனைவி சரோஜம் கட்டிலோடு ஒட்டி நின்று, அவர் விரலில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இது எப்பமும் கத்துததுதாம்மா" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "கிளிப்பு நழுவுனா கத்தும், பயப்படாண்டாம்னு நர்சம்மா சொல்லியிருக்காவ. மாட்டுதேன், மாட்டுதேன், நிக்க மாட்டேங்கி."

மானிட்டரில் கோடு இருந்தது. ஆனால் அது துள்ளவில்லை. புழுப்போல நெளிந்தது. அதைப் பார்க்க டாக்டராக இருக்க வேண்டியதில்லை.

அனுஷா கத்தினாள். என்ன சொல்லிக் கத்தினாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. தமிழா மலையாளமா என்றுகூட நினைவில்லை. ஷைனி எங்கிருந்தோ வந்து சேர்ந்தாள். வந்த வேகத்தில் கட்டில்மேல் ஒரு முழங்காலை ஊன்றி ஏறி, இரண்டு கையையும் சேர்த்து அவர் நெஞ்சில் வைத்து அழுத்தத் தொடங்கினாள். ஷாக் கொடுக்கும் மெஷினோடு டிராலி வந்தது. டாக்டர் வந்தார். யாரோ அனுஷாவையும் சரோஜத்தையும் சுவரோரம் தள்ளினார்கள். எல்லாரும் கையை எடுங்கள் என்று ஒரு குரல். கட்டிலில் அந்தப் பெரிய உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. சரோஜம் "எப்பா" என்றாள், மெல்ல, யாருக்கோ சூடு பட்டதுபோல. இன்னொரு தடவை. பிறகு ஷைனி கழுத்தில் விரல் வைத்துப் பார்த்து, "வந்நு. பல்ஸ் வந்நு" என்றாள். கட்டிலோடு சேர்த்து அவரை லிஃப்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சரோஜம் ஒரு செருப்போடு பின்னால் ஓடினாள்.

அறையில் அனுஷாவும், கம்பி அவிழ்ந்த மானிட்டரும் மட்டும் நின்றார்கள். மானிட்டர் தன் நினைவில் நேரத்தைக் குறித்துவைத்திருந்தது. கோளாறு தொடங்கியது 2:37:52. திரை நின்று சில நொடிகளுக்குப் பிறகு. அவள் கதவைத் திறந்தது ஏறக்குறைய 2:38:45. ஐம்பத்து மூன்று நொடி. தொடர்பு இருந்திருந்தால் இரண்டாவது நொடியில் சுவர்த்திரை கத்தியிருக்கும். ஷைனி அப்போதே வந்திருப்பாள். அந்த ஐம்பத்து மூன்றை அவளால் எந்தக் கணக்கிலும் கரைக்க முடியவில்லை.

ஷைனி ஐ.சி.யு.வில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, அனுஷா மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"சிஸ்டரே, எனக்க தப்பாக்கும். நான் வச்ச சானல் ராடார் வந்தா நிக்கும். இன்னும் நிக்கும். இப்பமே மாத்தணும். மாத்துனா ஒரு அரை நிமிஷம் திரும்பவும் போகும். எல்லா ரூம்லயும் ஓராள் நிக்கணும்."

ஷைனியின் நெற்றியில் வேர்வை இன்னும் காயவில்லை. அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டாமத்து போறதுக்கு முன்னெ உனக்கு இது அறியாமோ?"

இல்லை என்று சொல்லிவிட ஒரு வழி இருந்தது. லாகை யாரும் படிக்கப் போவதில்லை. படித்தாலும் புரியப் போவதில்லை.

"அறியும் சிஸ்டரே."

"எத்ர நேரம்?"

"பன்னிரண்டு நிமிஷம்."

ஷைனி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஃபோனை எடுத்து இரண்டாம் மாடியிலிருந்து ஆட்களை வரவழைத்தாள். பத்து கதவுகளையும் விரியத் திறந்துவைத்து, பத்து அறைகளிலும் ஆளை நிறுத்தினாள். பிறகு, "செய்" என்றாள். கீழே விழுந்ததில் லேப்டாப்பின் ஒரு மூலை உடைந்திருந்தது. ஆனாலும் வேலை செய்தது. ராடார் தொடாத சானல்கள் நாலு, ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தாள். இந்தத் தடவை வந்த ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தாள். விரல் அழுத்துவதற்கு முன் மூன்று தடவை பின்வாங்கியது. கோடுகள் நின்றன. வராந்தா முழுக்க ஒவ்வொரு அறையிலிருந்தும் "ஓகே", "ஓகே" என்று குரல்கள் வந்துகொண்டே இருந்தன. இருபத்தெட்டு நொடியில் பத்துக் கோடுகளும் எழுந்தன. பதினோராவது கட்டம் காலியாக இருந்தது.

ஷைனி ஒரு வெள்ளைத்தாளை அவள் முன்னால் வைத்தாள். "நீயே எழுது. நடந்நதெல்லாம். நான் எழுதுனா வேற மாதிரி ஆவும்."

எழுதினாள். ஃபோன் மேஜையில் மஹேஷின் பெயரைக் காட்டி அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. எழுதி முடிக்கும்வரை அவள் எடுக்கவில்லை.

இரண்டாம் மாடியில் ஐ.சி.யு. கதவுக்கு வெளியே இரும்பு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. சரோஜம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அனுஷா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏன் வந்தாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. பஸ் ஏறி வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை, அவ்வளவுதான். சரோஜம் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். பாத்திரம் தேய்த்துக் காய்த்த கை.

"நீ மட்டும் வரலேன்னா நான் கிளிப்பயே மாட்டிக்கிட்டு நின்னிருப்பேன் தாயி. ஓடி வந்தியே. எந்தச் சாமி ஒன்ன அனுப்பிச்சோ."

அனுஷாவுக்குக் கையை உருவிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஷைனியிடம் சொல்லும்போது இருந்த பயம் வேலையைப் பற்றியது. இது வேறு.

"யம்மா, ஒரு காரியம் சொல்லணும். அந்த மெஷின் கத்துனது வெளிய கேக்கல. கேக்காம போனது என்னால. ஒரு நிமிஷம். அதுக்கு முன்னயும் ஒரு தடவ அப்படி ஆச்சு. அப்பவே நான் சொல்லியிருக்கணும். பயந்து போய்ச் சொல்லல."

புரிந்ததா என்று சரோஜத்தின் முகத்தில் தேடினாள் அனுஷா. மெல்ல அந்தக் கைகள் விலகின. சேலை முந்தானையை இழுத்து மடியில் பரப்பி, அதன் ஓரத்தைத் திருகத் தொடங்கின.

"ஒரு நிமிசமா?" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"அந்த ஒரு நிமிசமும் நான் பக்கத்துலதான நின்னேன்." முந்தானை ஓரத்தை விரலில் சுற்றினாள். "கூப்புட்டாவ. மெஷினு கத்துததுக்கு முந்தி, ஏட்டி சரோசம்னு ஒரு தடவ கூப்புட்டாவ. தண்ணி கேக்காவன்னு நெனச்சேன். துணிய மடிச்சிட்டுத் தருவோம்னு இருந்துட்டேன்."

எதிரே சுவரில் மாட்டியிருந்த மின்விசிறி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கீழே யாரோ ஆட்டோவை உயிர்ப்பிக்க உயிர்ப்பிக்க அது அணைந்துகொண்டிருந்தது.

ஐ.சி.யு. கதவு அரைவாசி திறந்தது. முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கியபடி புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு நர்ஸ் வெளியே வந்தாள். கையில் ஒரு சின்னச் சீட்டு. அதை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்த்தாள். சரோஜம் எழுந்தாள். எழும்போது, எதைப் பிடிக்கிறோம் என்று பாராமல் அனுஷாவின் தோளை இறுகப் பற்றிக்கொண்டாள். அந்தக் கனத்தோடு அனுஷாவும் எழுந்து நின்றாள். அந்த நீளமான தமிழ்ப் பெயர் நர்ஸின் வாயில் நுழையவில்லை. அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி வாசித்தாள்.

"வன்... வன்னிய... பெரு..."